சொந்த இயங்குதளம் எழுத எந்தக் கம்பைலர்?

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆறு மாதமாக எக்ஸ்86-64 கணினிக்கு ஒரு சிறிய இயங்குதளம் எழுதிவருகிறோம். சி மொழி, கொஞ்சம் அசெம்ப்ளி. லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஜிசிசி கம்பைலரைக் கொண்டே கம்பைல் செய்கிறோம். க்ரப் பூட்லோடர் மூலம் பூட் ஆகிறது, திரையில் எழுத்தும் வருகிறது. சிபியுவை அவ்வப்போது குறுக்கிடும் டைமர் இன்டரப்டை இயக்கிய நாளிலிருந்து ஒரு விசித்திரமான கோளாறு. சில ஃபங்ஷன்களில் லூப் கவுண்டர் திடீரென்று 0 ஆகிவிடுகிறது; பக்கத்தில் இருக்கும் இன்னொரு மாறி 16 ஆகிவிடுகிறது. ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் ஃபிளாக் கொடுத்துக் கம்பைல் செய்தால் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது, ஆப்டிமைசேஷன் இல்லாவிட்டால் அடிக்கடி வருகிறது. வேறொரு டார்கெட்டுக்கென்றே எழுதும் கிராஸ் கம்பைலர் கட்டினால் சரியாகும் என்கிறார் ஒரு நண்பர். கிளாங் என்ற இன்னொரு கம்பைலருக்கு மாறினால் போதும் என்கிறார் இன்னொருவர். லினக்ஸ் கெர்னலையே டிஸ்ட்ரோவோடு (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) வரும் ஜிசிசியில்தானே கம்பைல் செய்கிறார்கள், நமக்கு மட்டும் என்ன என்பது என் வாதம். எங்கள் இயங்குதளத்தின் பெயரிலேயே ஒரு டார்கெட்டைச் சேர்த்து ஜிசிசியைக் கட்டிவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. எந்த வழியில் போவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கம்பைலர், லிங்கர் முதலிய கருவிகள் அடங்கிய டூல்செயின் பற்றிய விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் இருக்கும் 0, 16 என்ற அந்த இரண்டு எண்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அவையே சொல்லிவிடுகின்றன.

64-பிட் லினக்ஸ், பிஎஸ்டி வகை இயங்குதளங்கள் பின்பற்றும் சிஸ்டம் வி ஏபிஐ என்ற ஃபங்ஷன் அழைப்பு விதிமுறை, ஸ்டேக் பாயிண்டருக்குக் கீழே இருக்கும் 128 பைட்டை ஃபங்ஷன்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறது. இதற்கு ரெட் சோன் என்று பெயர். வேறு எதையும் அழைக்காத ஒரு சின்ன ஃபங்ஷன், ஸ்டேக் பாயிண்டரைக் கீழே இறக்காமலேயே தன் மாறிகளை அங்கே வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு இன்ஸ்ட்ரக்ஷன் மிச்சம். யூசர் புரோகிராமுக்கு இதில் ஆபத்து இல்லை. இன்டரப்ட் வந்தால் சிபியு கெர்னலின் ஸ்டேக்குக்கு மாறிவிடும். சிக்னல் அனுப்பும் கெர்னலும் அந்த 128 பைட்டைத் தாண்டித்தான் எழுதும்.

நீங்கள் எழுதுவது கெர்னல். அங்கே இன்டரப்ட் வந்தால் ஸ்டேக் மாறாது. ஓடிக்கொண்டிருக்கும் அதே ஸ்டேக்கில் சிபியு ஐந்து மதிப்புகளை வரிசையாகத் தள்ளும்: எஸ்எஸ், ஆர்எஸ்பி, ஆர்ஃபிளாக்ஸ், சிஎஸ், ஆர்ஐபி. ஒவ்வொன்றும் 8 பைட், மொத்தம் 40. முதலில் விழுவது எஸ்எஸ், அதாவது ஸ்டேக் செக்மென்ட் செலக்டர். செக்மென்ட்டுகளின் பட்டியலான ஜிடிடியில் கோட் செக்மென்ட்டை முதல் இடத்திலும் டேட்டா செக்மென்ட்டை இரண்டாம் இடத்திலும் வைத்திருந்தால் அந்த செலக்டரின் மதிப்பு 16. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வைக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 8 பைட்டாகத் தள்ளும்போது கீழ்ப்பாதி 16, மேல்பாதி 0. ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்த ஃபங்ஷனில் முதல் இன்ட் மாறி ஆர்பிபி ரெஜிஸ்டர் காட்டும் இடத்திலிருந்து 4 பைட் கீழே இருக்கும், இரண்டாவது 8 பைட் கீழே. எஸ்எஸ் வந்து விழும் இடமும் அதேதான். முதல் மாறி 0, இரண்டாவது 16.

ஓ2 கொடுத்தால் மறைவதும் இதனால்தான். அப்போது மாறிகள் பெரும்பாலும் ரெஜிஸ்டரிலேயே இருந்துவிடும், ஸ்டேக்குக்கு வராது. கோளாறு போகவில்லை, சிக்குவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு பெரிய ஃபங்ஷன் எழுதும்போது திரும்ப வரும்.

மருந்து ஒரே ஒரு ஃபிளாக்: எம்-நோ-ரெட்-சோன். மேக்ஃபைலில் கெர்னல் பகுதி முழுவதற்கும் சேர்த்துவிட்டு, பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். முன்னும் பின்னும், மெஷின் கோடை அசெம்ப்ளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் அதே ஃபங்ஷனைப் பாருங்கள். முன்பு ஸ்டேக் பாயிண்டரைக் கழிக்கும் வரியே இருந்திருக்காது, இப்போது வந்திருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு மருந்துமே இந்த நோயைத் தொடாது. எக்ஸ்86-64-எல்ஃப் என்ற டார்கெட்டுக்குக் கிராஸ் கம்பைலர் கட்டினாலும் அதிலும் ரெட் சோன் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். கிளாங்கிலும் அப்படியே. கிராஸ் கம்பைலர் கட்டியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி இறங்கி, அதே கோளாறைப் பார்த்து மனம் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

ஆனாலும் கிராஸ் கம்பைலர் கட்டச் சொல்லும் நண்பர் பக்கம்தான் நான். காரணம் மட்டும் வேறு.

ஒரு கம்பைலர் வெறும் சி கோடை மெஷின் கோடாக மாற்றும் கருவி மட்டும் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பது பற்றி அதற்குச் சில நம்பிக்கைகள் உண்டு. டிஸ்ட்ரோவோடு வந்த ஜிசிசி, தான் உருவாக்கும் ஒவ்வொரு பைனரியும் லினக்ஸ் மேல், அதன் சி லைப்ரரியான ஜிலிப்சியோடு ஓடப்போகிறது என்று நம்புகிறது. அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக ஃபிளாக் போட்டு மறுக்கலாம். எத்தனை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லத்தான் யாராலும் முடியாது. டிஸ்ட்ரோவின் ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாக ஒன்று சேரலாம்.

சில உதாரணங்கள். உபுண்டு 16.10 முதல் 64-பிட் கணினியில் ஜிசிசி கேட்காமலேயே பிஐஇ வகைக் கோடை உருவாக்குகிறது, அதாவது எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும்படி. அதே ஜிசிசியில் ஸ்டேக் புரொடெக்டரும் இயல்பாக இயக்கத்தில் இருக்கிறது. ஃபங்ஷன் தொடங்கும்போது எஃப்எஸ் செக்மென்ட்டிலிருந்து 40 பைட் தள்ளி இருக்கும் ஒரு ரகசிய எண்ணை எடுத்து ஸ்டேக்கில் வைக்கும், முடியும்போது அது மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கும். லினக்ஸில் அந்த இடத்தை ஜிலிப்சி தயார்செய்து வைத்திருக்கும். உங்கள் கெர்னலில் எஃப்எஸ் பேஸ் 0 என்றால் நேராக 40ஆவது முகவரியைப் படிக்கும். அந்தப் பக்கத்தை மேப் செய்யாவிட்டால் பேஜ் ஃபால்ட், அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். மேப் செய்திருந்தால் அங்கே கிடக்கும் ஏதோ ஒரு எண்ணை வைத்துச் சத்தமில்லாமல் வேலை நடக்கும், யாரோ அந்த எண்ணை மாற்றும் வரை. லிங்க் செய்யும்போது ஸ்டேக் செக் ஃபெயில் என்ற ஃபங்ஷன் இல்லை என்று எரர் வந்ததும், அந்தப் பெயரில் ஒரு வெற்று ஃபங்ஷனை எழுதி வாயை அடைத்துவிடுகிற பழக்கம் பலரிடம் உண்டு. உங்கள் கோடில் அப்படி ஒன்று இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

இதைவிட நுட்பமானது, டிஸ்ட்ரோ ஜிசிசி தானே வைத்துக்கொள்ளும் லினக்ஸ் என்ற மேக்ரோ. நீங்கள் எழுதும் கோடுக்கு அதனால் பாதிப்பில்லை. பவர் மேனேஜ்மெண்ட்டுக்காக ஏசிபிஐசிஏ என்ற லைப்ரரியைக் கொண்டுவந்து சேர்க்கும்போதுதான் தெரியும். அதன் ஹெடர் அந்த மேக்ரோவைப் பார்த்ததும், ஓகோ லினக்ஸுக்குத்தான் கம்பைல் ஆகிறோம் என்று முடிவுசெய்து லினக்ஸுக்கான ஹெடரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்கிருந்து வருகிறது என்றே புரியாத நூறு எரர் வரும்.

ஹெடர் கோப்புகளும் இதே கதைதான். கெர்னல் கோடில் யாராவது கைமறதியாக ஸ்ட்ரிங் ஹெடரைச் சேர்த்தால், டிஸ்ட்ரோ ஜிசிசி ஜிலிப்சியின் ஹெடரை எடுத்துக் கொடுத்துவிடும், மறுபேச்சு இருக்காது. ஹெடர் இல்லாமல் கட்டிய கிராஸ் கம்பைலர், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அங்கேயே நிறுத்தும். அந்த எரர் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது ஒருமுறை பட்டவர்களுக்குத் தெரியும்.

நான் பட்டது இது. பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய குழுவில் கெர்னல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அவரவர் கணினியில் இருக்கும் ஜிசிசியைத்தான் பயன்படுத்தினோம். ஒரு நாள் ஒருவர் தன் டிஸ்ட்ரோவை அப்கிரேட் செய்தார். அதன் பிறகு அவர் கணினியில் கட்டிய இமேஜ் மட்டும் பூட் ஆகவில்லை. கெர்னலை அடையாளம் காட்டும் மல்டிபூட் ஹெடர் இல்லை என்று க்ரப் சொன்னது. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஹெடரும் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு நாள் போய்விட்டது. கடைசியில் இரண்டு இமேஜையும், கோப்பின் அமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃபில் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. புதிய டிஸ்ட்ரோவின் ஜிசிசி, லிங்கரிடம் பில்ட்-ஐடி என்ற குறிப்பைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. எங்கள் லிங்கர் ஸ்கிரிப்டில் அந்த செக்ஷனுக்கு இடம் சொல்லவில்லை. அதனால் லிங்கர் அதைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிட்டது. அதற்கென்று ஒரு பக்கம் போனதால் முதலில் 4096ஆவது பைட்டில் இருந்த எங்கள் கோட் 8192ஆவது பைட்டுக்குத் தள்ளப்பட்டது. மல்டிபூட் முதல் பதிப்பின் விதிப்படி ஹெடர் முழுவதும் கோப்பின் முதல் 8192 பைட்டுக்குள் இருந்தாக வேண்டும்.

அன்றைக்கே நாங்கள் கிராஸ் கம்பைலருக்கு மாறினோம். லிங்கர் ஸ்கிரிப்டையும் திருத்தினோம், அது வேறு விஷயம். ஆனால் ஒருவர் தன் கணினியை அப்டேட் செய்ததற்காக இயங்குதளம் பூட் ஆகாமல் போவது என்ன நியாயம்? அந்தக் கேள்விக்குக் கிராஸ் கம்பைலரைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி உங்கள் வாதம். லினக்ஸ் கெர்னலை டிஸ்ட்ரோ ஜிசிசியில் கம்பைல் செய்கிறார்கள் என்பது உண்மைதான். அதன் மேக்ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ரெட் சோன் வேண்டாம், பிஐஇ வேண்டாம், எஸ்எஸ்இ இன்ஸ்ட்ரக்ஷன்கள் வேண்டாம், கோட் மாடல் கெர்னல் என்று ஃபிளாக்குகள் வரிசைகட்டி நிற்கும். இந்தக் கம்பைலருக்கு இந்த ஃபிளாக் தெரியுமா என்று கேட்டுப்பார்த்துச் சேர்க்கும் ஏற்பாடுகளும் உண்டு. எக்ஸ்86இல் அவர்கள் ஜிசிசியின் உதவி லைப்ரரியான லிப்ஜிசிசியைக்கூட லிங்க் செய்வதில்லை. 32-பிட் கெர்னலில் 64-பிட் எண்ணை வகுக்க டூ-டிவ் என்று தனியாக ஒரு மேக்ரோ எழுதிவைத்திருக்கிறார்கள். இது முப்பது வருடத்துக்கும் மேலாக, ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் அடிபட்டுச் சேர்த்த அறிவு. டிஸ்ட்ரோ மாறும்போது அதே நாளில் கவனித்துத் திருத்த ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். நீங்கள் மூன்று பேர். எம்ஐடியில் பாடம் நடத்தவென்றே எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்னஞ்சிறு கெர்னலின் மேக்ஃபைலிலும் பிஐஇயை அணைக்கும் இடத்தில் உபுண்டு 16.10 என்று பெயர் சொல்லியே ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரு டிஸ்ட்ரோவின் பதிப்பு எண் ஒரு கெர்னலின் மேக்ஃபைலில் ஏன் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கட்டுவது எப்படி? இதில் பயப்பட ஒன்றும் இல்லை. முதலில் அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ், அப்புறம் ஜிசிசி. இரண்டுக்கும் ஒரே டார்கெட் பெயர், எக்ஸ்86-64-எல்ஃப், ஒரே ப்ரிஃபிக்ஸ், அதாவது நிறுவும் அடைவு. ப்ரிஃபிக்ஸை உங்கள் ஹோம் அடைவுக்குள் வையுங்கள், சிஸ்டம் அடைவுகளுக்குள் போகவே வேண்டாம். சோர்ஸ் இருக்கும் அடைவுக்குள்ளேயே கட்டாமல் பக்கத்தில் தனி அடைவு உருவாக்கிக் கட்டுங்கள். ஜிசிசிக்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று லைப்ரரிகள் வேண்டும். சோர்ஸோடு வரும் டவுன்லோட் ஸ்கிரிப்டே அவற்றைக் கொண்டுவந்துவிடும். ஹெடர் இல்லை என்பதைக் கன்ஃபிகரில் சொல்லிவிட்டு, மொழி சி மட்டும் என்று கொடுங்கள். மேக் கொடுக்கும்போது முழு ஜிசிசியையும் கட்டாமல் ஆல்-ஜிசிசி, ஆல்-டார்கெட்-லிப்ஜிசிசி என்ற இரண்டை மட்டும் கட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் வெறும் மேக் கொடுத்துவிட்டு, டார்கெட்டில் இல்லாத சி லைப்ரரியைத் தேடி அது பாதியில் நின்றதும் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம்.

லிப்ஜிசிசி பற்றி ஒரு வார்த்தை. சிபியு ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் செய்ய முடியாத வேலைகளுக்கு ஜிசிசி சில உதவி ஃபங்ஷன்களை அழைக்கும். அவை லிப்ஜிசிசியில் இருக்கின்றன. 32-பிட் கணினியில் 64-பிட் வகுத்தல் நல்ல உதாரணம். உங்களைப் போல 64-பிட்டில் எழுதும்போது 128-பிட் வகுத்தல் போன்ற அரிதான இடங்களில்தான் தேவைப்படும். ஆனால் லிங்க் செய்வதாக இருந்தால் லிப்ஜிசிசியும் ரெட் சோன் இல்லாமல் கம்பைல் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கோடில் அடைத்த ஓட்டை லைப்ரரி வழியாகத் திரும்ப வந்துவிடும். ஜிசிசியின் கன்ஃபிக் கோப்புகளில் மல்டிலிப் என்ற ஏற்பாட்டில் ஓரிரு வரி சேர்த்தால், ரெட் சோன் இல்லாத இன்னொரு லிப்ஜிசிசியையும் அது கட்டிக்கொடுக்கும். கம்பைலரைக் கட்டும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

ஃப்ரீஸ்டாண்டிங், அதாவது சி லைப்ரரி இல்லாத சூழல், என்று சொல்லிக் கம்பைல் செய்தாலும் நான்கு ஃபங்ஷன்கள் இருக்கும் என்று ஜிசிசியும் கிளாங்கும் எதிர்பார்க்கும்: மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப். ஒரு ஸ்ட்ரக்டை இன்னொன்றில் போட்டால்கூட உள்ளே மெம்காப்பி அழைப்பு வரலாம். இந்த நான்கையும் நீங்களே எழுத வேண்டும். எழுதும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. மெம்செட்டுக்கு ஒரு எளிய லூப் எழுதுவீர்கள். ஆப்டிமைசர் அந்த லூப்பைப் பார்த்து, இது மெம்செட் செய்யும் வேலை அல்லவா என்று கண்டுபிடித்து, லூப்பை எடுத்துவிட்டு மெம்செட் அழைப்பைப் போட்டுவிடும். மெம்செட்டுக்குள் மெம்செட். ஜிசிசியின் பழைய பதிப்புகளில் இது நிஜமாகவே நடந்தது, கெர்னல் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும். ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிப்யூட்-பேட்டர்ன்ஸ் என்ற ஆப்டிமைசேஷனை அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். எந்தப் பதிப்பாக இருந்தாலும் நிம்மதி.

கிளாங் பக்கம் பேசும் நண்பரின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கிளாங் பிறவியிலேயே கிராஸ் கம்பைலர். தனியாகக் கட்டவே வேண்டாம். டார்கெட்டைச் சொன்னால் போதும், ஒரே பைனரி எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-வி எல்லாவற்றுக்கும் எழுதிக்கொடுக்கும். ஃப்ரீபிஎஸ்டி 2014இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து கிளாங்கைத்தான் இயல்பான கம்பைலராக வைத்திருக்கிறது. லினக்ஸ் கெர்னலையும் முழுக்க, கிளாங் சார்ந்த எல்எல்விஎம் கருவிகளால் கட்டலாம். யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேருக்குப் பூட்லோடர் எழுதும் எண்ணம் இருந்தால் கிளாங் இன்னும் வசதி. யூஇஎஃப்ஐ கேட்பது விண்டோஸின் பிஇ வடிவம். கிளாங்கும் அதன் துணை லிங்கரான எல்எல்டியும் அதை நேரடியாகவே உருவாக்கிவிடும்.

அப்படியிருந்தும் உங்கள் நிலைமைக்கு ஜிசிசி கிராஸ் கம்பைலரையே சொல்கிறேன். கிளாங்கில் டார்கெட் ஒரு ஃபிளாக் மட்டுமே. ஒரு கோப்புக்கான வரியில் அந்த ஃபிளாக் விட்டுப்போனால் கிளாங் சத்தமில்லாமல் உங்கள் லினக்ஸுக்கே கம்பைல் செய்துவிடும், எல்லாம் சேர்ந்து லிங்க்கூட ஆகிவிடும். ஜிசிசியில் டார்கெட் கம்பைலரின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, மறக்க வழியில்லை. லிப்ஜிசிசிக்கு இணையான கம்பைலர்-ஆர்டியை அந்த டார்கெட்டுக்கு நீங்களே கட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கும். இதுவரை எழுதிய லிங்கர் ஸ்கிரிப்ட் க்னூ லிங்கரான எல்டிக்காக எழுதியது. எல்எல்டி பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்ளும், ஆனால் சில இடங்களில் செக்ஷன்களை வேறு மாதிரி வரிசைப்படுத்தும். கோளாறு தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்பைலர், லிங்கர் இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

கெர்னல் நிலைக்கு வந்த பிறகு கிளாங்கை இரண்டாவது கம்பைலராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கோடை இரண்டு கம்பைலரும் படித்தால் ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரை ட்ராப் முறையில் இயக்கினால் தனி ரன்டைம் லைப்ரரி இல்லாமலே கெர்னலுக்குள் வேலை செய்யும். நான் இன்று வரை அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் பெயரிலேயே ஒரு டார்கெட் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அந்தப் பெயரை முதன்முறையாக டெர்மினலில் பார்ப்பது எவ்வளவு சந்தோஷம்! ஆனால் இப்போது வேண்டாம். அந்த வகை டூல்செயின் எதற்கு? உங்கள் இயங்குதளத்தின் மேல் ஓடும் யூசர் புரோகிராம்களுக்கு. உங்கள் ஹெடர்கள் எங்கே, சி லைப்ரரி எங்கே, புரோகிராம் தொடங்கும்போது முதலில் ஓடும் சிஆர்டி0 எது என்பதெல்லாம் அந்தக் கம்பைலருக்குத் தெரிந்திருக்கும். அவை எதுவும் இன்னும் உங்களிடம் இல்லை. இல்லாத ஒன்றைக் கம்பைலருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? இப்போதே பின்யூட்டில்ஸிலும் ஜிசிசியிலும் கன்ஃபிக் கோப்புகளைத் திருத்தி வைத்தால், சிஸ்டம் கால் முறை மாறும் ஒவ்வொரு முறையும், ஜிசிசியின் புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் திருத்தத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து எல்ஃப் வடிவத்தில் இருக்கும் ஒரு புரோகிராமை ஏற்றி யூசர் மோடில் ஓட்டி, அது ரைட், ரீட், எக்ஸிட் போன்ற சிஸ்டம் கால்களைச் செய்து ஒழுங்காக முடிந்தால், அப்போது தொடங்குங்கள். நியூலிப், மஸ்ல், எம்லிப்சி என்ற சி லைப்ரரிகளில் ஒன்றைப் போர்ட் செய்வது அடுத்த படி. தொடங்குவதற்கு நியூலிப் சுலபம், எஸ்பிரேக், ஓப்பன், எஃப்ஸ்டாட் மாதிரி ஒரு கைப்பிடி ஃபங்ஷன்களை எழுதிக்கொடுத்தால் நகர ஆரம்பித்துவிடும். அதன் மேல்தான் உங்கள் பெயரில் டார்கெட். செரினிட்டிஓஎஸ் என்ற இயங்குதளம் இதே போல் ஜிசிசி மேல் தன் பேட்ச்களை வைத்துக்கொண்டு தன் பெயரில் டார்கெட் வைத்திருக்கிறது. அதன் டூல்செயின் ஸ்கிரிப்டைப் படிப்பது நல்ல பாடம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தன் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் எழுதியபோது, பாஷ் 1.08ஐயும் ஜிசிசி 1.40ஐயும் அதில் போர்ட் செய்துவிட்டதாகச் சொன்னார். கெர்னலை அதுவரை அவர் கட்டியது மினிக்ஸில் இருந்துகொண்டு. சொந்த வீட்டில் கம்பைலர் ஓடும் நாள் உங்களுக்கும் வரும், அதற்கான வரிசை அதுதான்.

இன்னொன்று. எந்த டூல்செயினாக இருந்தாலும் பதிப்பு எண்ணை உறையவையுங்கள். ஜிசிசியின் பெரிய பதிப்பு ஒவ்வொன்றும் எதையாவது மாற்றுகிறது. 2020இல் வந்த 10ஆம் பதிப்பு, ஒரே குளோபல் மாறியை எக்ஸ்டர்ன் இல்லாமல் இரண்டு கோப்பில் அறிவித்தால் லிங்க் செய்ய மறுத்தது. 2024இல் 14ஆம் பதிப்பு, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை எரர் ஆக்கியது. 2025இல் 15ஆம் பதிப்பு இயல்பான மொழித் தரத்தை சி23க்கு மாற்றியது. பூல் என்று சொந்தமாக டைப்டெஃப் வைத்திருந்த பழைய கோடெல்லாம் உடைந்தது. எல்லாமே நல்ல மாற்றங்கள்தான். எப்போது எதிர்கொள்வது என்பதை நீங்கள் முடிவுசெய்ய வேண்டும், டிஸ்ட்ரோவின் அப்டேட் அல்ல. பதிப்பு எண், செக்சம், கன்ஃபிகர் வரி எல்லாம் அடங்கிய ஒரு ஸ்கிரிப்டை உங்கள் கிட் ரெபாசிட்டரியிலேயே வைத்து, மூன்று பேரும் அதே ஸ்கிரிப்டால் கட்டிக்கொள்ளுங்கள். மேக்ஃபைலில் மொழித் தரத்தையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

உங்களில் யாராவது ஆப்பிளின் மேக் கணினியில் வேலை செய்தால் இந்த விவாதமே எழாது. அங்கே இருக்கும் கம்பைலர் மாக்-ஓ வடிவத்தில் எழுதும், லிங்கருக்கு லிங்கர் ஸ்கிரிப்டே தெரியாது. விண்டோஸில் மின்ஜிடபிள்யூ தருவது பிஇ வடிவம், லாங் 32 பிட்தான். அங்கெல்லாம் கிராஸ் கம்பைலர் கட்டாயம். ரஸ்டில் எழுதலாமா என்று கேட்கத் தோன்றினால், அங்கே இயங்குதளமே இல்லாத வெறும் கணினிக்கான எக்ஸ்86-64 டார்கெட் தயாராகவே இருக்கிறது, ரெட் சோனும் அதில் அணைத்தே வருகிறது. ஆனால் ஆறு மாதக் கோடைத் தூக்கிப்போட அது காரணமாகாது.

ஆகவே இன்று மாலை ஃபிளாக். வார இறுதியில் கிராஸ் கம்பைலர். கட்டிய பின் முதல் முறை கம்பைல் செய்யும்போது எரர் கொட்டும். ஒவ்வொன்றும் இதுவரை லினக்ஸிடமிருந்து தெரியாமல் கடன் வாங்கிய ஏதோ ஒன்று, பொறுமையாகப் படியுங்கள்.

ஃபிளாகைச் சேர்த்த பிறகும் கவுண்டர் மாறுகிறதென்றால் அது ரெட் சோன் இல்லை. அப்போது இன்டரப்ட் வந்ததும் முதலில் ஓடும் அசெம்ப்ளித் துண்டான உங்கள் இன்டரப்ட் ஸ்டப்பைப் பாருங்கள். சி ஃபங்ஷனை அழைக்கும் முன் ஆர்ஏஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்எஸ்ஐ, ஆர்டிஐ, ஆர்8 முதல் ஆர்11 வரை, மொத்தம் 9 ரெஜிஸ்டர்களையும் சேமித்துத் திருப்பி எடுக்கிறதா? எடுக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறதா? கெர்னலில் எஸ்எஸ்இயை அணைக்காமல் விட்டிருந்தால் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களும் இந்தக் கணக்கில் சேரும். அதுவும் சரியாக இருந்தால் ஸ்டப்பையும், அந்த ஃபங்ஷனின் ஆப்ஜ்டம்ப்பையும், க்யூஇஎம்யூ எமுலேட்டரின் இன்டரப்ட் லாகில் கடைசி இருபது வரியையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.